தினசரி அன்னதானம்

சமூக மண்டபத்தின் சாவி எங்கள் வீட்டில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். என் கணவர் பிச்சுமணி மண்டபத்துக்கு செக்ரட்டரி. தேர்தலே இல்லாமல் மறுபடி மறுபடி ஜெயித்தவர். எதிர்த்து யாரும் நிற்கவில்லை என்பதுதான் அதிலுள்ள பெருமை. அந்தச் சாவியைக் கழுத்துச் சங்கிலி மாதிரி துடைத்துத் துடைத்து வைப்பார். என்ன பிரயோஜனம்? வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது ஆணியை விட்டு இறங்கியதே கிடையாது.

கரமனை ஆற்றை ஒட்டி, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகள் எங்கள் தெரு. தெருக்கோடியில் மண்டபம். பெரிய கூடம், பின்னால் சமையற்கட்டு, ஊருக்கே பொங்கிப் போடக்கூடிய வார்ப்புகள், உருளிகள். இப்போது கல்யாணம் என்றால் எல்லாரும் ஏ.சி. ஹாலுக்கு ஓடுகிறார்கள். மண்டபத்தில் எப்போதாவது ஒரு பஜனை, எப்போதாவது ஒரு சீமந்தம். மற்ற நாளெல்லாம் எலிகளுக்குத்தான் யோகம். நான் டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். ஒரு நாற்காலி காலியாக இருந்தாலே எனக்குக் கண்ணை உறுத்தும். ஒரு மண்டபமே காலியாகக் கிடந்தால் எப்படி இருக்கும்?

அந்த மண்டபத்தைத்தான் எங்கள் வார்டு கவுன்சிலர் லிஜோ கேட்டு வந்தான்.

விஷயம் இதுதான். ஆற்றங்கரைக் காலனிப் பிள்ளைகள் படிக்கிற அங்கன்வாடி ஒரு வாடகை வீட்டில் இருந்தது. வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். புதிய வாடகைக்கு நகரசபையில் காசில்லை. இடம் கிடைக்காவிட்டால், நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அங்கன்வாடியோடு இதைச் சேர்த்துவிடுவார்கள். லிஜோவுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. வார்டில் பகலில் பூட்டிக் கிடக்கிற ஹால்களை வாடகையில்லாமல் கேட்பது. பதிலுக்கு நகரசபை அந்த ஹாலுக்கு வயரிங், குழாய், கக்கூஸ் எல்லாம் சரிசெய்து கொடுப்பது. சர்ச்சுக்காரர்கள் ஹாலைத் தையல் வகுப்புக்குக் கொடுத்தாயிற்று. கிளப்புக்காரர்கள் கேரம் போர்டை ஓரமாகத் தள்ளிவிட்டு முதியோருக்கு மருந்து கொடுக்கிற இடமாக்கிவிட்டார்கள். பாக்கி எங்கள் மண்டபம் மட்டும்.

"மாமா, கார்ப்பரேஷனில காசில்லை. பக்ஷே வார்டில இடமுண்டல்லோ," என்றான் லிஜோ தன் மலையாளத் தமிழில், கமிட்டி முன்னால் நின்றுகொண்டு. "கொச்சுப் பிள்ளைங்க. மூணரைக்குப் போயிரும். நிங்களுக்கு பஜனை உண்டெங்கில் அன்னைக்கு லீவு விடலாம்."

கமிட்டிக்குப் பிரசிடெண்ட் அழகியநம்பி. பெரிய கம்பெனியில் ஆடிட்டராக இருந்தவர். முடியாது என்பதை முடியாது என்று சொல்ல மாட்டார். "தரை புதுசாக்கும்," என்றார். "பக்கத்துல கோவில். ஆசாரம்னு ஒண்ணு இருக்கோல்லியோ. கொழந்தைகள் அங்கங்கே ஒண்ணுக்குப் போகும். பாத்திரமெல்லாம் மடியா வெச்சிருக்கு. நாங்க ஆலோசிக்கறோம்."

ஆலோசனையாவது மண்ணாங்கட்டியாவது. எலி ஒன்றுக்குப் போகாதா? அதற்கு ஆசாரம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் கூடத்துக்கு வெளியே காபி டிரேயோடு நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். என் கணவர் கண்ணாலேயே என்னை அடக்கினார்.

எங்கள் தெருவுக்கு பிளாஸ்டிக் கவர்கள் வாங்கிப் போக வருகிறவள் இசக்கி. நகரசபையின் பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு, வீடு வீடாக மணியடித்து, பால் கவரையும் மாத்திரை அட்டையையும் பிரித்து மூட்டை கட்டுவாள். அவள் மகள் மீனு அந்த அங்கன்வாடியில்தான் படிக்கிறாள். காலையில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத்தான் இசக்கி வேலைக்கு வருவாள். சாலைக்கு அந்தப் பக்கம் என்றால், பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுத் திரும்புவதற்குள் வண்டி மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விடும். வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. புருஷன் இல்லாதவள். அந்த வேலைதான் அவளுக்கும் மீனுவுக்கும் சோறு.

கமிட்டி கூடிய மறுநாள் காலை அழகியநம்பி வீட்டு கேட்டில் இசக்கியின் குரல் கேட்டது. தெரு முழுக்கக் கேட்டது.

"மாமா, ஒரு சங்கதி கேக்குதேன். உங்க வீட்டுக் குப்பைய நான் கையால அள்ளுதேன். அதுக்கு ஆசாரம் கிடையாது. எனக்க பிள்ளை உங்க தரையில உக்காந்தா மட்டும் தீட்டாக்கும்?"

"தீட்டுன்னு யார் சொன்னா? நான் அப்படிச் சொன்னேனா?" அழகியநம்பி பேப்பரை மடக்கிக்கொண்டே உள்ளே போய்விட்டார். பதில் இல்லாதவர்களுக்குக் கதவு ஒரு பெரிய சௌகரியம்.

இசக்கி அவர் வீட்டு மூட்டையை எடுக்காமல் அடுத்த வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. நான் கவர்களைக் கொடுத்தேன். அவள் வாங்கி மூட்டையில் திணித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடக் கோபம் அதிகமாக இருந்தது. என் வீட்டு ஆணியில் சாவி தொங்குகிறது, என் வாசலில் அவள் நிற்கிறாள்.

அந்த வாரமே நகரசபையிலிருந்து தகவல் வந்தது. எந்த ஹால் சும்மா கிடக்கிறது, எது உபயோகத்தில் இருக்கிறது என்று நேரில் பார்க்க ஒரு ஆபீசர் வருகிறாராம். வியாழக்கிழமை மத்தியானம். தினமும் உபயோகத்தில் இருக்கிற இடத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

அழகியநம்பிக்கு மூளை வேலை செய்தது. அன்று சாயங்காலமே மண்டபத்து வாசலில் ஒரு போர்டு ஏறியது. பச்சை எழுத்தில், தமிழிலும் மலையாளத்திலும்: தினசரி அன்னதானம். அனைவரும் வருக.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தினசரியா? என்னிக்குலேர்ந்து?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"வியாழக்கிழமைலேர்ந்து," என்றார் அவர், பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமையைப் பத்தி யார் கேக்கப் போறா, சீதே? ஆபீசர் வரச்சே நம்ம தெருக்காராளே நாலஞ்சு பந்தி உக்காந்துடுவா. பொய்யில்லையே. நெஜமாவே சமையல் உண்டு. நீதான் மேல்பார்வை."

இதுதான் எங்கள் ஆட்கள். வேறு யாராவது என்றால் ஒரு போட்டோ எடுத்துக் காட்டி முடித்திருப்பார்கள். எங்களுக்குப் பொய் சொல்வதென்றால்கூட அதற்கு அவியலும் பாயசமும் வேண்டும். அதுவும் சின்னப் பாத்திரம் கிடையாது. இருப்பதெல்லாம் கல்யாண வார்ப்பு. அடுப்பு மூட்டினால் ஊருக்கே ஆகும்.

புதன்கிழமை இரவு காய் நறுக்கும்போதுதான் எனக்கு அழகியநம்பி மகள் கல்யாணம் ஞாபகம் வந்தது. இதே மண்டபம்தான். முதல் பந்தியில் தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்ட யாரோ ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டான். மாப்பிள்ளை வீடும் இல்லை, பெண் வீடும் இல்லை. தோளில் பையோடு ஒரு ஆள். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சாதம் விழுந்துவிட்டது. இலையில் சாதம் விழுந்த பிறகு உட்கார்ந்தவனை எழுப்புவது எங்கள் தெருவில் கொலைக்குச் சமானம். அழகியநம்பியே குனிந்து, "இன்னும் கொஞ்சம் பாயசம் விட்டுக்கறேளா?" என்று கேட்டார். அவனும் விட்டுக்கொண்டான்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அங்கன்வாடி டீச்சர் ஆஷாவுக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் குழந்தைகளுக்குச் சமைக்க வேண்டாம்," என்றேன். "போர்டு பார்த்தாயா? அனைவரும் வருகன்னு போட்டிருக்கு. கையைக் கழுவி, வரிசையா கூட்டிண்டு வா. ஆபீசர் வரதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"மாமி, பிரச்னை ஆவுமோ?"

"ஆகணும்னுதான் கூப்பிடறேன்."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இலை போட்டாயிற்று. தெருக்கார மாமாக்கள் வேஷ்டியை இறுக்கிக்கொண்டு, ஏதோ பசியால் வாடுகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கூடத்து ஓரத்தில் நின்றார்கள். அழகியநம்பி வாசலில் ஆபீசருக்காகக் காத்திருந்தார். பின்கட்டுக் கதவு வழியாக ஆஷா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, ரயில் மாதிரி வந்தார்கள். முன்னால் எஞ்சின், மீனு.

"உக்காருங்கோ எல்லாரும்," என்றேன். சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் முன்கூட்டியே தயாராக வைத்திருந்த சாதத்துடன் வந்தேன். கறி, கூட்டு, பச்சடி என்று வரிசைப்படி பரிமாறிக்கொண்டிருந்தால் காரியம் கெட்டுப்போகும். நேரே மீனுவின் இலையில் ஒரு கரண்டி சாதத்தைப் போட்டேன். அடுத்த இலை. அடுத்த இலை. பருப்பு, அதன் மேல் நெய்.

என் கணவர் அப்போதுதான் பார்த்தார். கரண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அடுத்த இலைக்கு நகர்ந்தேன். கூடத்து ஓரத்தில் ஒரு மாமா, "பிச்சுமணி, இது என்னவாக்கும்?" என்று கேட்டார். இன்னொருவர், "ஷ்ஷ், சாதம் விழுந்தாச்சு," என்றார்.

அழகியநம்பி ஆபீசரோடு உள்ளே வந்தார். வந்தவர் ஒரு நடுவயது அம்மா, கையில் போன், தோளில் பை. அழகியநம்பியின் பார்வை கூடத்தில் விழுந்தது, வாய் பாதி திறந்தது, மீனுவின் இலையில் நெய் மினுங்குவதைப் பார்த்தார், வாய் மூடிக்கொண்டது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுப்புங்களேன் பார்க்கலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த மனுஷனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"நல்ல காரியமாணல்லோ," என்றார் அந்த அம்மா. "இது எல்லா நாளும், திவசமும் உண்டோ?"

"உண்டு, உண்டு. தினசரி," என்றார் அழகியநம்பி.

"இந்தக் குட்டிகள் திவசமும் இவிடெத்தானோ சாப்பிடறது?"

அழகியநம்பி ஓரத்தில் நின்ற மாமாக்களைப் பார்த்தார். மோதிரமும், தங்க விளிம்பு போட்ட மூக்குக் கண்ணாடியும், இஸ்திரி போட்ட வேஷ்டியுமாக நின்றார்கள் எல்லாரும். இவர்கள்தான் தினமும் அன்னதானம் சாப்பிடுகிறவர்கள் என்று சொன்னால் எந்த ஆபீசர் நம்புவார்? இந்தப் பிள்ளைகள் இல்லை என்றால் தினசரி அன்னதானம் இல்லை. தினசரி அன்னதானம் இல்லை என்றால் மண்டபம் சும்மா கிடக்கிறது. அவர் ஆடிட்டர் அல்லவா, அந்தக் கணக்கு அவருக்கு வேகமாகவே புரிந்தது.

"ஆமாம்," என்றார்.

"அப்ப பின்னே என்ன? கவுன்சிலர் இடமில்லைன்னு எழுதியிருக்கு. குட்டிகள் இவிடெ உண்டல்லோ. சோறும் இவிடெ. அங்கன்வாடியும் இவிடெத்தன்னே இருக்கட்டும். வயரிங்குக்கும் பாத்ரூமுக்கும் நான் சொல்லிடறேன்." அந்த அம்மா போனில் ஏதோ தட்டினார். "யாராணு திறக்கறது? எத்தனை மணிக்கு?"

எல்லாரும் செக்ரட்டரியைப் பார்த்தார்கள். பிள்ளைகள் மட்டும் சாதம் பிசைந்துகொண்டிருந்தார்கள். என் கணவர் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். வாழ்நாளில் கமிட்டிக்கு எதிராக ஒரு தும்மல் கூடத் தும்மாதவர் அவர். இந்த இடத்தில் அவர் நழுவினால் நான் சமைத்ததெல்லாம் வீண்.

"ஒன்பதரைக்கு," என்றார் அவர். "நான்தான் தெறக்கறேன்."

அந்த நிமிஷம் எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது.

ஆபீசர் போன பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. எங்கள் தெருவில் அவ்வளவு கெட்ட வார்த்தைகள் இருக்கின்றன என்று அன்றுதான் தெரிந்தது. நான் முதுகில் குத்திவிட்டதாகச் சொன்னார் அழகியநம்பி. "நீங்கோ எழுதின போர்டைத்தான் மாமா நான் படிச்சேன்," என்றேன். மாமாக்கள் மட்டும், கோபம் கோபமாக இருக்கட்டும் என்று இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நானும் என் கணவரும் மண்டபத்துக்குப் போனோம். படியில் ஆஷா, அவளைச் சுற்றிப் பிள்ளைகள், அங்கன்வாடி அரிசியும் பயறும் நிறைந்த சாக்கு. இசக்கி பச்சைக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையை விட வந்தவள் போகாமல் நின்றிருந்தாள். ஏன் என்று கிட்டே போனதும் தெரிந்தது. எங்கள் பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு. புத்தம் புதுசு. கடை ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை.

"யாரு போட்டது?" என்று ஆஷா கேட்டாள். எல்லாரும் அழகியநம்பி வீட்டுப் பக்கம் பார்த்தோம். எல்லாருக்கும் தெரியும்.

என் கணவர் கையிலிருந்த சாவியையும் அந்தப் பூட்டையும் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். போச்சு, என்று நினைத்தேன். ஒரு நாள் வீரம் அவ்வளவுதான். மீனு படியில் உட்கார்ந்து, "மாமி, இன்னைக்கும் பாயசம் உண்டா?" என்று கேட்டாள். நேற்று இருந்த மாதிரி இன்றைக்கும் இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் உறுதி சொன்னது கிடையாது. அவளாக நம்பிக்கொண்டு வந்திருக்கிறாள்.

என் கணவர் திரும்பி வந்தார். கையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் கம்பிப்பாரை. குடையை விடக் கனமான எதையும் அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. பாரையைப் பூட்டில் செருகி ஒரு நெம்பு நெம்பினார். பூட்டு அசையவில்லை. அவர் வேஷ்டிதான் அவிழ்ந்தது.

"தாரும் மாமா," என்றாள் இசக்கி. பாரையை வாங்கி, நாதாங்கிக்கு அடியில் கொடுத்து, காலை நிலையில் ஊன்றி ஒரே இழுப்பு. பூட்டு நாதாங்கியோடு பிய்ந்து வந்து படியில் விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

சத்தம் கேட்டு அழகியநம்பி ஓடி வந்தார், தோளில் துண்டுகூட இல்லாமல். பின்னால் தெருவே வந்தது.

"யாரு ஒடச்சது? சமூகத்துச் சொத்து! யாருடா ஒடச்சது?"

"நானாக்கும்," என்றாள் இசக்கி. பாரையைக் கீழே போடவில்லை. "ஒளிச்சு ஒடைக்கல. பகல்ல, எல்லாரும் பாக்கத்தான் ஒடச்சேன். இனி பூட்டினாலும் ஒடைப்பேன்."

"போலீசைக் கூப்பிடறேன்!" அழகியநம்பி போனை எடுத்தார். "இப்பவே கூப்பிடறேன். எல்லாரையும் உள்ள தள்ளறேன்."

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பயத்துக்கு என் வாயை மூடுகிற பலம் இல்லை. என் கணவர் எங்கள் பூட்டைச் சாவியால் திறந்தார், நான் கதவைத் தள்ளினேன். பிள்ளைகள் என் இரண்டு பக்கமும் உள்ளே ஓடினார்கள். நான் நிலையில் நின்று, தலைக்கு மேலே தொங்கிய பச்சை எழுத்துப் போர்டைக் காட்டினேன்.

"கூப்பிடுங்கோ மாமா. நல்லாக் கூப்பிடுங்கோ. வரவா பசியோட வருவா. தினசரி அன்னதானம்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கேள். அவாளுக்கும் இலை போட்டுடறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அழகியநம்பி போர்டைப் பார்த்தார். போனைப் பார்த்தார். சிரித்தது யார் என்று திரும்பிப் பார்த்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர் பெண்டாட்டி உள்பட.

இசக்கி பாரையை என் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கோட்டைச் சரிசெய்துகொண்டாள். "மீனு, அம்மை போயிட்டு வாரேன்," என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, தெருவில் முதல் வீட்டு மணியை அடிக்கப் போனாள். முதல் வீடு அழகியநம்பியுடையது.

நான் சமையற்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். போலீஸ் வந்தாலும் வரலாம் என்று அரிசி கொஞ்சம் கூடவே போட்டேன்.